வார் கோர்க்கும் மிஷின்

பெரியவளுக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் மரியாதை கூடிவிடும். பிடித்தவர்களை வாடி, போடி, தடிமாடு என்று வாய்க்கு வந்தபடி பேசுவாள். பிடிக்காதவர்களுக்கு ‘வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா’ என்று உபசாரம் நடக்கும். கேட்கிறவருக்கு முதுகில் யாரோ கிள்ளிவிட்டுப் போன மாதிரி இருக்கும். தங்கை புருஷனுக்கு அந்த வீட்டில் இந்த மரியாதை காலையில் கண் விழித்ததிலிருந்து குறைவில்லாமல் கிடைத்தது.

“எழுந்துட்டீங்களா மாப்பிள்ளை? சத்தம் போட்டு எழுப்பிட்டோமோ என்னவோ. நாங்க வேலை வெட்டி இருக்கிற ஜனம், பொழுது விடிஞ்சா தட்டற சத்தம் வரத்தான் செய்யும். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

அவன் மனசில் வைத்துக்கொள்ள மாட்டான். “பரவால்லக்கா” என்பான். மனைவி கூப்பிடுவதைப் பார்த்து அவனும் அக்கா என்று கூப்பிட்டான். ‘இவனைத் தம்பியாப் பெத்துப்போட்டுட்டு எங்கம்மா எப்படி நிம்மதியாக் கண்ணை மூடியிருப்பா’ என்று பெரியவள் தன் வீட்டுக்காரரிடம் கேட்பாள். அவர் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் இல்லை. தலையாட்டிவிட்டுத் தட்டில் இருப்பதைப் பார்ப்பார்.

இன்ஜினியர் என்பது அவனுக்குப் பெரியவள் வைத்த பெயர். படித்த படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிஸ்கட் கம்பெனி ஒன்றில், பொட்டலம் கட்டுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, அது நின்றால் பச்சைப் பொத்தானையும் அலறினால் சிவப்புப் பொத்தானையும் அமுக்குகிற வேலை பார்த்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். ‘இவர் அமுக்கின அமுக்குல கம்பெனியே நின்னுபோச்சு’ என்று தெரு முழுக்கச் சொன்னவளும் பெரியவள்தான். வேலை போன கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டின் பின்னறையில் வந்து ஒண்டினான். மாற்றுச் சட்டை அதிகம் இல்லை. ஒரு ஸ்பானர் பெட்டி மட்டும் இருந்தது. அதில் ஸ்பானர்களைப் பெரிசிலிருந்து சிறிசாக வரிசை கலையாமல் அடுக்கி வைத்திருந்தான். அந்த ஒழுங்கைப் பார்த்தாலே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வீட்டின் முன்னறைதான் பட்டறை. பெண்கள் தோளில் மாட்டுகிற தோல் பைகளுக்கு முகப்பு செய்து கொடுக்கிற தொழில். பெரியவளின் வீட்டுக்காரர் தோலைக் கட்டையில் விரித்து, உளியை வைத்து, சுத்தியலால் ஒரே அளவாகத் தட்டி வரிசை வரிசையாகச் சின்ன வெட்டுகள் போடுவார். அந்த வெட்டுக்குக் கண் என்று பெயர். வேறு நிறத் தோலில் மெல்லிசாக அறுத்த வாரை அக்காவும் தங்கையும் அந்தக் கண்களில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் கோர்ப்பார்கள். முடித்துப் பார்த்தால் பாய் முடைந்த மாதிரி இருக்கும். கடையில் வாங்குகிற சீமாட்டிகள் அதை விரலால் தடவிப் பார்த்து ‘கைவேலையா?’ என்று கேட்பார்களாம். பிறகு அதை மாட்டிக்கொண்டு போய் எச்சில் காகிதமும் சில்லறையும் போட்டு வைப்பார்கள்.

இருவரும் ஒரே தோலை இரண்டு மடியிலும் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்காருவார்கள். முட்டியோடு முட்டி இடிக்கும். வருஷக்கணக்காக இழுத்து இழுத்து இருவருக்கும் விரல் நுனி தடித்துப்போய், கொதிக்கிற டம்ளரைத் துணியில்லாமல் தூக்குவார்கள். வாய் மட்டும் தடிக்கவில்லை. தெருவில் யார் யாரை அடித்தார்கள், யார் வீட்டில் புது அலமாரி வந்தது, அதை வாங்க யார் கம்மலைக் கழற்றினார்கள் என்று எல்லாமே அந்தத் தோலுக்கு மேலே அலசப்படும். அம்மா போனபோது சின்னவளுக்கு ஜடை பின்னத் தெரியாது. அன்றிலிருந்து வளர்த்தவள் பெரியவள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. கல்யாணமாகிப் போன பிறகும் சின்னவள் பகலில் இங்கே வந்துதான் கோர்த்தாள். சின்னவள் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அந்த மாதங்களில் வெயில் மண்டையைப் பிளந்தது. உலர்ந்த காற்று ஜன்னல் வழியாக வந்து தோலிலிருந்த பசையை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும். காய்ந்த வார் விறைத்து நிற்கும், வளைத்தால் வெடிக்கும். அதனால் பெரியவள் எழுந்ததும் வாரை எல்லாம் ஈரத்துண்டில் சுற்றி வைப்பாள். அடுப்பு வேலை முடிகிறபோது பிரித்து மறுபடி கம்பியில் தொங்கவிடுவாள். அதற்குள் மேலே காய்ந்து, தொட்டால் ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் ஒரு குளுமை நிற்கும். அப்போதுதான் வார் சொன்னபடி கேட்கும். பல் தேய்க்கிற மாதிரி, யோசனையே இல்லாமல் செய்கிற வேலை அது.

இன்ஜினியர் கொஞ்ச நாள் சுவரில் சாய்ந்தபடி இவர்கள் கோர்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் வாயைத் திறந்தான்.

“எதுக்குக்கா ஒவ்வொரு கண்ணா விட்டு இழுக்கணும்? தோலை ஏத்தி இறக்கி மடிச்சு நிறுத்திட்டா எல்லா கண்ணும் ஒரே நேர்ல வந்து நின்னுடும். அப்புறம் ஒரே குத்து. ஊசி இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துடும்.”

“வந்துடும் மாப்பிள்ளை. ஊசியும் வந்துடும், சாப்பாட்டு நேரமும் வந்துடும். கையைக் கழுவிட்டு வாங்க.”

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவளின் வீட்டுக்காரர் மட்டும் உளியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். யோசித்தது சாப்பாட்டைப் பற்றித்தான்.

அவன் விடவில்லை. பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை இழுத்து வந்தான். பல் மழுங்கிய ரம்பத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்து நீளமான தட்டை ஊசியாக்கினான். பித்தளைத் துண்டுகளை அரத்தால் ராவி, பெரிய சீப்பு மாதிரி இரண்டு செய்தான். அரம் ராவுகிற சத்தத்தில் பெரியவளுக்குப் பல் கூசியது. பித்தளைத் தூள் தண்ணீர்க் குடத்தில் மிதந்தது. ‘இரும்புச்சத்து கம்மின்னு டாக்டர் சொன்னாரு, மாப்பிள்ளை பித்தளையாவது குடுக்கறாரே’ என்று வடிகட்டிக் குடித்தாள்.

ஒரு பிற்பகல், தோலைப் பாதிக்கு மேல் கோர்த்திருந்த நேரத்தில், சின்னவள் தொடங்கினாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“கோச்சுக்கிற விஷயமா இருந்தா கோச்சுப்பேன். சொல்லு.”

“அவரோட அண்ணன் கூப்பிட்டிருக்காரு. டயர் கடைல நம்பிக்கையான ஆள் வேணுமாம். அங்கயே வீடு பாத்துத் தர்றாராம்.”

“காத்து அடிக்கற வேலையா? பொருத்தமான ஆள்தான். உன் வீட்டுக்காரர் வாயை வெச்சாலே போதும், தனியா பம்பு வேண்டாம்.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று அவளுக்கே கோபமும் வந்தது. வாரைக் கீழே வைத்தாள்.

“இப்படித்தான்க்கா என்னையும் சிரிக்க வெச்சுடற. அப்புறம் ரூமுக்குப் போனா அவர் மூஞ்சியப் பாக்க முடியல. நல்லா கேட்டுக்கோ. மிஷினைப் பாக்க நம்ம பை வாங்கற கடைக்காரர் வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா வேலை மொத்தமும் நமக்கே வரும், நாங்க இங்கயே இருப்போம். சரியா வரலன்னா அண்ணன்கிட்ட போயிடலாம்னு இவர் சொல்லிட்டாரு. எவ்வளவு தூரம் தெரியுமா அந்த ஊரு? ஏதாவது நல்லது கெட்டதுன்னாதான் வர முடியும்.”

பெரியவளின் கை நின்றுவிட்டது.

“நீ என்னடி சொன்ன?”

“நான் என்ன சொல்றது? எத்தனை நாளைக்கு அவரை இங்க உக்காத்தி வெச்சு உன்கிட்ட பேச்சு வாங்க வைக்கறது? நீ கொஞ்சம் விட்டுப்பிடிக்கா. நல்ல வார்த்தை சொல்லக்கூட வேண்டாம். வாயை மூடிட்டு இரு.”

“நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? வாங்க போங்கன்னுதானே பேசறேன்?”

“அதான்க்கா பிரச்சினை.”

சின்னவள் வாரை மறுபடி எடுத்து அடுத்த கண்ணில் ஏற்றினாள்.

அடுத்த வாரம் மிஷின் ஓடியது. எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தான். கீழ்ச் சீப்பின் மேல் தோலை விரித்தான். கைப்பிடியை அழுத்தியதும் மேல் சீப்பு இறங்கி, தோல் அலை அலையாக மடிந்து நின்றது. அத்தனை கண்ணும் ஒரே நேர்கோட்டில் வந்து, இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனையின் வெளிச்சம் தெரிந்தது. ஊசியின் வாலில் ஒரு கவ்வி. அதில் வாரைக் கடிக்கக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். ஊசி மறுபக்கம் தலையை நீட்டியது; பிடித்து இழுத்தான். சீப்பை விட்டதும் தோல் படுத்துக்கொண்டது. வார் ஒவ்வொரு கண்ணிலும் ஏறி இறங்கி, இவர்கள் இருவரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இவ்வளவு நேராகக் கோர்த்திருப்பார்களா என்று கேட்கிற மாதிரி கிடந்தது.

அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று பெரியவளுக்கே தோன்றியது. சின்னவள் கெஞ்சுகிற கண்ணோடு அவள் வாயையே பார்த்தாள்.

“ஓ, அவ்வளவுதானா மாப்பிள்ளை? நீங்க தட்டின தட்டுக்கு, எழுந்து நடக்கும்னு நெனச்சேன்.”

இன்ஜினியர் சிரித்தான். “நடக்க வெச்சுடலாம்க்கா” என்றான். சின்னவள் உள்ளே போய்விட்டாள். பெரியவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அந்த நாக்கு வேறு மாதிரி வளைந்து பழகியதில்லை. புருஷனைக்கூட அவள் ஒருநாளும் மெச்சியதில்லை. மெச்சினால் அவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

மிஷின் ஓடியதிலிருந்து இன்ஜினியருக்கு அதே பேச்சு. சாப்பிட உட்கார்ந்தால் போதும்.

“ஈரம் மட்டும் ஆகாதுக்கா. நனைஞ்ச வாரு இழுத்தா நீளும். நீங்க கையில கோக்கறப்ப கண்ணுக்குக் கண்ணு கொஞ்சம் தளத்தி விட்டுடறீங்க, அதனால தெரியறதில்ல. மிஷினு ஒரே இழுப்பா இழுக்குமில்ல? அதான் நான் மெழுகு தேச்சுக் காய வெச்சுடறேன்.”

“சரிங்க மாப்பிள்ளை.”

வாய் சரி என்றது. காது எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது. இவன் வாயைத் திறந்ததும் பெரியவளின் மனசு எழுந்து வெளியே போய்விடும். எண்ணெய் தீர்ந்துவிட்டதே, எதிர்வீட்டுக்காரி கொடுத்த பாத்திரத்தைத் திருப்பணுமே என்று சுற்றிவிட்டு அவன் முடிக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து ‘சரிங்க மாப்பிள்ளை’ சொல்லும். அவன் எச்சில் கை காயக் காயப் பேசுவான்.

அதுவரை தன் மெழுகு வார்களைப் பின்னறையிலேயே வைத்திருந்தான். கடைக்காரர் வருவதற்கு முந்தின சாயங்காலம் எல்லாவற்றையும் கொண்டுவந்து முன்னறைக் கம்பியில் நிறம் நிறமாகத் தொங்கவிட்டான். வருகிறவர் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படவேண்டுமாம். எதிரில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவளிடம் அதையும் விளக்கினான். அவளும் சரிங்க மாப்பிள்ளை என்றாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மிஷின் ஜெயிக்கவேண்டும் என்று அந்த வீட்டில் மிக அதிகமாக ஆசைப்பட்டவள் பெரியவள். மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். வாசலைக் கூட்டினாள். துண்டை நனைத்து வாரைச் சுற்றினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். வருகிறவருக்கு என்று எடுத்து வைத்திருந்த நல்ல டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் தன் முந்தானையாலேயே மிஷினின் பித்தளைச் சீப்பைத் துடைத்தாள். அடுப்பு வேலை முடிந்ததும் வாரைப் பிரித்துக் கம்பியில் மாட்டிவிட்டு, துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

கடைக்காரர் வந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அந்தக் கைக்குட்டையையும் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கையில் இரண்டு போன். அவர் இருந்த நேரம் முழுக்க இரண்டிலும் யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் “எனக்கு நேரமில்லை, சீக்கிரம் காட்டுங்க” என்றார்.

இன்ஜினியர் சலவைச் சட்டை போட்டிருந்தான். பயத்தில் கை வியர்த்து ஒழுகியது. அந்தக் கைக்கு வாரின் குளுமை எங்கே தெரியப்போகிறது? சின்னவளுக்கு என்றால் தொட்டதுமே தெரிந்திருக்கும். அவள் உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் வார் பாதி தூரம் போய் நின்றது. இழுத்தான். வரவில்லை. காலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து இழுத்ததும் எலிவால் மாதிரி மெலிந்து நீண்டு வெளியே வந்தது. “முதல்ல கொஞ்சம் டைட்டா இருக்கும்” என்றான். இரண்டாவது வார், போகிற வழியில் கண்ணுக்குக் கண் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாவது அறுந்தது. அறுந்த வேகத்தில் ஊசி பின்னால் பாய்ந்து, சின்னவள் அப்போதுதான் கொண்டுவந்து வைத்த தேநீரைக் கடைக்காரர் மடியில் கவிழ்த்தது.

அவர் எழுந்து கால்சட்டையை உதறினார். கிழிந்த தோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“தோலைக் கிழிக்கறதுக்கு எதுக்குங்க மிஷினு? கத்திரிக்கோல் போதுமே.”

பெரியவள் சிரித்துவிட்டாள். வேண்டும் என்று சிரிக்கவில்லை. நல்ல நக்கல் எங்கே கேட்டாலும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும், வந்துவிட்டது. வாயைப் பொத்துவதற்குள் அறை முழுக்கக் கேட்டுவிட்டது. கடைக்காரர் தன் புத்திசாலித்தனத்தை மெச்ச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். “நீங்க கையிலயே கோத்து அனுப்புங்கம்மா, அது நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் அறுந்த வாரைக் குனிந்து எடுத்தாள். விரலில் உருட்டினாள். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, இது நனைஞ்சிருக்கு.”

பெரியவள் கொடியைப் பார்த்தாள். துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“நீ நனைச்சியா?”

“காலைல... எப்பவும் போல... ஐயோ, மறந்துட்டேன்டி.”

“மறந்துட்டியா? நேத்து சாயங்காலம் உன் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. கம்பில இருக்கறத நனைச்சிடாதீங்கன்னு. நீ சரின்ன. நான் பின்னாடியேதான் நின்னேன்.”

“சொன்னாரா?”

நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. அதை வாய்விட்டுக் கேட்டிருக்கக் கூடாது.

“இப்ப சிரிச்சியே, அதுவும் மறந்துபோயி சிரிச்சதுதானா? ஏன்க்கா, உனக்கு அவரைப் பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? ஊரானை உக்காத்தி வெச்சா அவமானப்படுத்தணும்? தினம் உன் வாயால குத்தினது போதலயா?”

பெரியவள் எத்தனை மாதமாக எத்தனை பேச்சு பேசியிருக்கிறாள்! இப்போது மறந்துவிட்டேன் என்றால் எந்த முட்டாள் நம்புவான்? அவளே நம்பமாட்டாள்.

“விடு. அவங்க வேணும்னு செய்யல.”

சொன்னவன் இன்ஜினியர். மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டையிலும் தேநீர் தெறித்த கறை.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க சும்மா இருங்க” என்றாள் சின்னவள்.

“தெரியும். வேணும்னு செய்யறவங்க அதுக்கு யோசிச்சிருக்கணும். இது ஓடிடுமோன்னு மனசுல ஒரு பயம் வந்திருக்கணும். அவங்களுக்கு அப்படி எதுவும் வரல. நான் சொன்னது அவங்க காதுலயே விழல, அவ்வளவுதான். நேத்து மட்டுமில்ல. நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பேசின ஒரு வார்த்தையும் விழல. வெளில வண்டி போற சத்தம் கேக்குமில்ல, அந்த மாதிரி.”

கோபமே இல்லாமல் சொன்னான்.

“வேணும்னு செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றான்.

ஸ்பானர் பெட்டியைத் திறந்து மிஷினைக் கழற்றத் தொடங்கினான். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான். கழற்றின மரையும் ஸ்பானரும் பித்தளைச் சீப்பும் பெட்டிக்குள் கன்னாபின்னா என்று விழுந்தன.

அவன் சொன்னது சின்னவளுக்குள் மெல்ல இறங்கியிருக்க வேண்டும். வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரல் தணிந்திருந்தது.

“நிஜமாவே மறந்துட்டியாக்கா?”

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை நம்புவாள். கையை விடமாட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் திரும்பி வருவாள்.

பெரியவள் அந்தப் பெட்டியையே பார்த்தாள். அவனை அவள் அன்றுதான் முதல்தடவையாக முழுசாகப் பார்த்தாள் என்று சொல்லலாம். டயர் கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு, இனி எதையும் ராவிப் பார்க்காமல், எதையும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒருவன் இருக்கப்போகிறான். சின்னவள் அவனோடு காலம் தள்ளவேண்டும். எதிரியிடம் தோற்றவன் என்றால் நாளைக்கு எழுந்து உட்காருவான். வண்டிச் சத்தமாகிப்போனவன் எழமாட்டான். இவனைப் போய் இப்படி ஆக்கினோமே என்று பெரியவளுக்கு உறைத்தது.

“மறக்கல. வேணும்னுதான் செஞ்சேன்” என்றாள்.

சின்னவளின் கை மடியிலிருந்து எழுந்தது. பெரியவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அன்னிக்கு ஊசி ஒரே இழுப்புல போச்சு பாரு, அப்பவே எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. இனிமே என் கைக்கு என்ன மதிப்புன்னு தோணிடுச்சு. பயந்துட்டேன். அதான் நனைச்சு வெச்சேன். உன் மிஷின்ல ஒரு தப்பும் இல்லப்பா. காஞ்ச வாரா இருந்திருந்தா ஜம்முனு ஓடியிருக்கும். ஓடக்கூடாதுன்னுதான் செஞ்சேன்.”

இன்ஜினியரின் கையில் ஸ்பானர் அப்படியே நின்றது.

“பயந்துட்டீங்களா?”

“ஆமா.”

“நிஜமாவா? எப்ப பயம் வந்துச்சு? சீப்பு இறங்கி தோல் மடிஞ்சுதே, அப்பவா? இல்ல ஊசி போனப்பவா?”

“ஊசி போனப்ப.”

“ஊசிதான்” என்று நோயைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி தலையாட்டினான். “எனக்கே அதைப் பாத்து ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. உங்களுக்கு ஆகாதா?”

பெட்டிக்குள் கையைவிட்டு, விழுந்து கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். சீப்பு இரண்டையும் சட்டையின் சுத்தமான பக்கத்தில் துடைத்து, தன் துண்டில் சுற்றினான். ஸ்பானர்களைப் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கினான். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பெரியவளைப் பார்த்துச் சிரித்தான். ஜெயித்தவனின் சிரிப்பு, அற்பச் சிரிப்பு. வேறு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்கு அவள் ஒரு வாரம் பேசியிருப்பாள்.

சின்னவள் மூட்டை கட்ட அதிக நேரம் ஆகவில்லை. அக்கா வாங்கிக் கொடுத்த உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். வெயில் தாழ்ந்ததும் வண்டி வந்தது. பெரியவளின் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். இன்ஜினியர் மிஷினை ஒரு பாகம்கூட விடாமல் ஏற்றினான்.

“வர்றேன்க்கா. கவ்வியை மாத்தணும், அதுல ஒரு யோசனை வெச்சிருக்கேன். அடுத்த தடவை நீங்க தண்ணில ஊற வெச்சாலும் ஓடும் பாருங்க. முடிஞ்சா தடுத்துப் பாருங்க.”

“பாக்கறேன்” என்றாள் பெரியவள்.

சின்னவள் வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம். அக்காவின் கண்ணைப் பார்க்காமல், அவள் தோளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“நீ மறந்துட்டேன்னு சொன்னத அப்புறம் நம்பத்தான் செஞ்சேன்க்கா. அவர் சொல்லி நம்பினேன். ஒரு மிஷின் மேல பொறாமைப்பட்டு என்னையே அனுப்பி வெச்சுட்டியே நீ.”

சின்னவள் ஏறிக்கொண்டாள். தெரு முனைவரை இன்ஜினியரின் தலை மட்டும் வெளியே நீட்டியபடி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

முன்னறையில் பாதி கோர்த்த தோல் ஒன்று கிடந்தது. பெரியவள் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் உளியை எடுத்தார், வைத்தார். எதையும் கேட்காத அந்த மனுஷர் அன்றைக்குக் கேட்டார்.

“ஏன்டி, வேணும்னுதான் செஞ்சியா?”

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். காலையில் அவள் டம்ளரைத் தேய்த்ததையும் வாசலைக் கூட்டியதையும் கண்ணால் பார்த்தவர். இவருக்காவது தெரிந்திருக்கும் என்று அவள் நிமிர்ந்தாள்.

“நீங்க என்ன நெனைக்கறீங்க?”

“உன் குணத்துக்கு நீ செய்யக்கூடியவதான்” என்று சொல்லிவிட்டு, அவர் உளியைத் தோலில் வைத்துத் தட்டத் தொடங்கினார்.

அந்த வீட்டில் அவளைத் தானாகவே நம்பிய ஒரே ஆள் வண்டியில் போய்க்கொண்டிருந்தான். அவனையும் அவளே நம்பாதபடி செய்து அனுப்பியிருந்தாள்.